கணினிக்குள் ஒரு செல்லப்பெயர்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன் செய்தார். "தம்பி, வெப்சைட் தொறக்கவே மாட்டேங்குதுன்னு காலையிலேருந்து நாலு பேர் சொல்லிட்டாங்க." என் மடிக்கணினியில் திறந்து பார்த்தேன். புதுச் சேலைகளின் படங்களோடு பக்கம் பளிச்சென்று வந்தது. "எனக்குச் சரியாத்தான் வருது அண்ணே" என்றேன். சாயங்காலம் வரை அவர் கடையின் இணைய இணைப்பைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தவறு என்னுடையது. அதற்கு முந்தைய வாரம்தான் அவருடைய இணையத்தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றியிருந்தேன். ஊருக்குத் திறந்துவிடும் முன்பு எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, கடையின் உண்மையான டொமைன் பெயரையும் (பிரௌசரில் அடிக்கும் முகவரிப் பெயர்) புதிய சர்வரின் ஐபி எண்ணையும் (வலையமைப்பில் அந்தக் கணினிக்கு உள்ள எண்) என் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரே வரியில் எழுதினேன். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று கணினி தனக்குள்ளேயே வைத்திருக்கும் குறிப்பு அது. அப்புறம் வெளியே டிஎன்எஸ் பதிவை, அதாவது பெயருக்கு எண் சொல்லும் இணையத்தின் பொது முகவரிப் புத்தகத்தில் உள்ள பதிவை, மாற்றும்போது ஓர் எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேன். வாடிக்கையாளர்கள் எல்லாரும் அந்தத் தப்பான எண்ணுக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றார்கள். என் கணினி மட்டும் டிஎன்எஸ்ஸைக் கேட்கவே இல்லை. அதன் கையில் விடை ஏற்கெனவே இருந்தது.

சொந்தக் கணினிக்குள் மட்டும் செல்லுபடியாகும் பெயர்களை நிரலாளர்கள் தினமும் வைக்கிறோம். எப்படி வைப்பது என்பதை ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். எந்தப் பெயரை வைப்பது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அதனால் இங்கே அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன். ஒரு குறிப்பு: .டெஸ்ட், .லோக்கல்ஹோஸ்ட் என்று நான் எழுதுபவற்றைக் கணினியில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். தமிழிலேயே அடிக்கக்கூடிய பெயர்களும் உண்டு, அவை பின்னால் வருகின்றன.

ஐசி பெயரும் வீட்டுப் பெயரும்

நம் வீடுகளில் பலருக்கு இரண்டு பெயர். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருப்பது ஒன்று, வீட்டில் அம்மு, குட்டி, தம்பு என்று கூப்பிடுவது இன்னொன்று. டொமைன் பெயர் ஐசி பெயர் மாதிரி. உலகத்தில் அதற்கு ஒரே உரிமையாளர்தான். சிங்கப்பூரில் ஒரு .எஸ்ஜி பெயர் வாங்கினால், பொறுப்பாளர் அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியாகத் தன் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும். ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதும் பெயர் செல்லப்பெயர். அதை எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். நம் வீட்டு வாசலுக்கு வெளியே அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

இந்தக் கோப்பு டிஎன்எஸ்ஸைவிட வயதில் மூத்தது. 1970களில் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில் இணைந்திருந்த கணினிகள் எல்லாவற்றின் பெயர்களும் ஒரே பட்டியலில் இருந்தன. கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ ஆய்வகத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான தகவல் மையம் அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினி சேர்ந்தால் மையத்துக்குச் சொல்லவேண்டும். மற்றவர்கள் புதிய பட்டியலை அவ்வப்போது இறக்கிக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார்: ஒரே பட்டியலுக்குப் பதிலாக, ஒவ்வொருவரும் தங்கள் பகுதிப் பெயர்களைத் தாங்களே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. பழைய பட்டியல் மறைந்தது. ஆனால் ஒவ்வொரு கணினியிலும் அதற்கென்று இருந்த கோப்பு அப்படியே தங்கிவிட்டது. இன்றும் வழக்கமான அமைப்பில் கணினி முதலில் அந்தக் கோப்பைத்தான் புரட்டிப் பார்க்கிறது. அதில் இல்லாவிட்டால்தான் டிஎன்எஸ்ஸிடம் போகும்.

லினக்ஸிலும் மேக்கிலும் அது எட்ஸி என்ற அடைவில் இருக்கிறது. விண்டோஸில் சிஸ்டம்32 அடைவுக்குள் டிரைவர்ஸ், அதற்குள் எட்ஸி என்று கொஞ்சம் ஆழமாகத் தோண்ட வேண்டும். நிர்வாகி உரிமையோடு திறந்து, முதலில் ஐபி எண், ஓர் இடைவெளி, பிறகு பெயர் என்று எழுதினால் முடிந்தது. நம் கணினியையே குறிக்கும் எண் 127.0.0.1. உண்மையில் 127 என்று தொடங்கும் 16.7 மில்லியன் எண்களுமே இதற்காக ஒதுக்கப்பட்டவை, நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் அந்த ஒன்றை மட்டும்.

லோக்கல்ஹோஸ்ட் 3000 போதாதா?

லோக்கல்ஹோஸ்ட் என்பது 127.0.0.1-க்குக் கணினியில் ஏற்கெனவே இருக்கும் பெயர். 3000 என்பது போர்ட் எண், அதாவது ஒரே கணினியில் ஓடும் நிரல்களைப் பிரித்துக் காட்டும் வாசல் எண். ஒரே ஒரு திட்டத்தை எழுதிக்கொண்டிருந்தால் இது போதும். எனக்குப் போதாமல் போனது, நான் தொண்டூழியம் செய்யும் சமூக மன்றத்துக்கு நிகழ்ச்சிப் பதிவுத் தளம் ஒன்று எழுதியபோது. நான்கு மொழிகளுக்கும் தனித்தனித் துணைப்பெயர்கள்: தமிழ் ஒன்று, ஆங்கிலம் ஒன்று, மலாய் ஒன்று, சீனம் ஒன்று. தமிழ்ப் பக்கத்தில் உள்நுழைந்தவர் மலாய்ப் பக்கத்துக்கு மாறினாலும் உள்நுழைந்தபடியே இருக்க வேண்டும். இதற்குக் குக்கீயை (தளம் நம்மை நினைவில் வைக்கப் பிரௌசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு) தாய்ப்பெயரின் கீழ் வைக்க வேண்டும். கணினிக்குள்ளும் அதே வடிவில் பெயர்கள் இருந்தால்தான் இதைச் சோதிக்க முடியும். வெறும் போர்ட் எண்களை வைத்துக்கொண்டு சோதித்தால் கிடைக்கும் முடிவு பொய்.

ஏன் பொய் என்றால், குக்கீ போர்ட் எண்ணைப் பார்ப்பதில்லை. 3000-இல் ஓடும் திட்டமும் 8000-இல் ஓடும் திட்டமும் ஒரே லோக்கல்ஹோஸ்ட் என்பதால் ஒன்றின் குக்கீ மற்றதற்கும் போகும். இரண்டும் ஒரே பெயரில் செஷன் குக்கீ, அதாவது உள்நுழைந்ததைக் காட்டும் குக்கீ, வைத்தால் ஒன்று மற்றதை அழிக்கும். காரணமே தெரியாமல் அடிக்கடி வெளியேற்றப்படுகிறோம் என்று தலையைப் பிய்த்துக்கொண்ட பலருக்கு இதுதான் காரணமாக இருந்திருக்கும். இதில் குழப்பம் என்னவென்றால், தளங்கள் தகவல் சேமித்துவைக்கும் பிரௌசரின் லோக்கல் ஸ்டோரேஜ் போர்ட் எண்ணைப் பார்க்கிறது. ஒரே பிரௌசருக்குள் இரண்டு விதமான எல்லைக்கோடுகள். ஆளுக்கொரு பெயர் கொடுத்துவிட்டால் இரண்டு கோடுகளும் ஒரே இடத்தில் விழுகின்றன.

கடன் வாங்கிய பெயரைத் திருப்பிக் கேட்பார்கள்

சரி, என்ன பெயர் வைப்பது? பல ஆண்டுகளாக நிரலாளர்கள் கைபோன போக்கில் .டெவ் என்று வைத்தார்கள். சிறியது, அழகானது, அப்படி ஒரு மேல்நிலை டொமைன் (பெயரின் கடைசிப் பகுதி) வெளியே இல்லாததால் யாரோடும் மோதவில்லை. பிறகு மேல்நிலைப் பெயர்களை, உலக டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐக்கான் அமைப்பு விரிவாக்கியபோது .டெவ் கூகுளுக்குப் போனது. 2014-இல் அது மேல்நிலைப் பெயர்கள் எல்லாம் அடங்கிய இணையத்தின் வேர்ப் பட்டியலில் ஏறியது. 2017 டிசம்பரில் வந்த குரோம் 63, .டெவ் என்று முடியும் எந்தப் பெயரையும் எச்டிடிபிஎஸ் என்ற குறியாக்கிய இணைப்பு வழியாக மட்டுமே திறப்பேன் என்றது. அதுவரை சாதாரண எச்டிடிபியில் ஓடிய உள்ளூர்த் தளங்கள் ஒரே பிரௌசர் புதுப்பிப்பில் நின்றன. எச்சரிக்கையைத் தாண்டிப்போகும் பொத்தான்கூட இல்லை. 2019-இல் .டெவ் பொதுவிற்பனைக்கு வந்தது. நேற்றுவரை நம் செல்லப்பெயராக இருந்தது இன்று யாரோ ஒருவரின் ஐசி பெயர்.

கூகுளைக் குறை சொல்வது எளிது. ஆனால் அந்தப் பெயர் என்றைக்குமே நம்முடையதாக இருந்ததில்லை. பொதுவெளியில் யாரும் எடுக்காததால் நாம் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். உணவங்காடியில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம்பிடிப்பதற்காவது எல்லாரும் மதிக்கும் ஒரு வழக்கம் உண்டு. இதற்கு அதுவும் கிடையாது.

இத்தனைக்கும் யாராலும் வாங்க முடியாத பெயர்கள் அப்போதே இருந்தன. 1999 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 2606 என்ற இணைய விதிமுறை ஆவணம் நான்கு மேல்நிலைப் பெயர்களை ஒதுக்கிவைத்தது: .டெஸ்ட், .எக்ஸாம்பிள், .இன்வாலிட், .லோக்கல்ஹோஸ்ட். சோதனைக்கு .டெஸ்ட். ஆவணங்களில் உதாரணம் காட்ட .எக்ஸாம்பிள். வேண்டுமென்றே தவறான பெயர் தேவைப்பட்டால் .இன்வாலிட். நம் கணினியையே குறிக்க .லோக்கல்ஹோஸ்ட். இவற்றை எந்த நிறுவனமும் எந்த விலைக்கும் வாங்க முடியாது. எனவே மன்றத் தளத்துக்கு நான் வைத்த பெயர் மன்றம்.டெஸ்ட்.

.லோக்கல் என்று வைப்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பெயருக்கு வேறு வேலை இருக்கிறது. வீட்டு வைஃபைக்குள் பிரிண்டர், டிவி போன்ற சாதனங்கள் சர்வர் இல்லாமலே ஒன்றையொன்று பெயர் சொல்லித் தேடிக்கொள்ளும் எம்டிஎன்எஸ் முறைக்கு 2013-இல் அது ஒதுக்கப்பட்டது. அதே பெயரை நாமும் வைத்தால் கணினி சில சமயம் முதலில் வீடு முழுக்கக் குரல் கொடுத்துவிட்டு, பதில் வராமல் சில நொடி காத்திருந்து, பிறகுதான் நம் வரிக்கு வரும். பக்கம் ஏன் மெதுவாகத் திறக்கிறது என்று நிரலில் தேடிக்கொண்டிருப்போம்.

தன்னிச்சையாக வைத்த பெயர்கள் எவ்வளவு பரவலாக இருந்தன என்பதற்கு ஐக்கானே சாட்சி. நிறுவனங்களின் உள்வலைகளில் .கார்ப், .ஹோம், .மெயில் ஆகியவை அளவுக்கு மீறிப் புழங்கியதால், அவற்றை யாருக்கும் கொடுப்பதில்லை என்று 2018-இல் முடிவெடுத்தது. புதிய மேல்நிலைப் பெயர்களைத் திறக்கும்போது இன்னொரு நல்ல ஏற்பாடும் செய்தார்கள்: முதல் 90 நாளுக்கு அந்தப் பெயர்கள் 127.0.53.53 என்ற விசித்திரமான எண்ணைப் பதிலாகத் தரும். 53 என்பது டிஎன்எஸ் பயன்படுத்தும் போர்ட். பதிவேட்டில் இந்த எண்ணைப் பார்க்கும் நிர்வாகி, நம் உள்வலைப் பெயர் வெளிப்பெயரோடு மோதுகிறது என்று புரிந்துகொள்ளலாம். ஓர் ஐபி எண்ணையே எச்சரிக்கைச் சீட்டாக மாற்றிய இந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அலுவலகம், வீடு போன்ற தனி வலையமைப்புகளுக்கு இப்போது .இன்டர்னல் இருக்கிறது. 2024 ஜூலையில் ஐக்கான் அதைத் தனிப்பயனுக்கு நிரந்தரமாக ஒதுக்கியது. பழைய .கார்ப் பெயர்களோடு தவிக்கும் நிர்வாகிகளுக்கு இனி சாக்குச் சொல்ல இடமில்லை.

தமிழில் அடிக்கும் பெயர்கள்

இந்தப் பகுதியைத்தான் எழுத ஆசைப்பட்டேன். சிங்கப்பூருக்குத் தமிழில் ஒரு மேல்நிலைப் பெயர் இருக்கிறது: .சிங்கப்பூர். 2011-இல் வேர்ப் பட்டியலில் ஏறியது. .இந்தியா, .இலங்கை இரண்டும் உண்டு. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் டொமைன் பெயர்கள் வேண்டும் என்ற முயற்சியின் தொடக்க வேலைகளில் முக்கியமான பங்கு 1990களின் பிற்பகுதியில் இங்கே, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், டான் டின் வீயின் குழுவில் நடந்தது. அதே காலத்தில்தான் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டார். நம் ஊருக்கு இந்தக் கதையில் உரிமை இருக்கிறது.

2007-இல் ஐக்கான் பல மொழிகளில் பதினொரு சோதனைப் பெயர்களை வேரில் ஏற்றியது, தமிழும் அவற்றில் ஒன்று. உதாரணம்.பரிட்சை என்று தமிழில் அடித்தால் ஒரு பக்கம் திறந்தது. பரீட்சை என்று நெடிலாகவே எழுதிப் பழகிய கைக்கு அந்தக் குறில் கொஞ்சம் உறுத்தும். என்றாலும் இணையத்தின் வேரில் தமிழ் எழுத்து நின்றது பெரிய விஷயம். 2013-இல் சோதனை முடிந்து அவை நீக்கப்பட்டன. .டெஸ்ட்டைப் போல .பரிட்சை காலத்துக்கும் ஒதுக்கப்பட்ட பெயர் ஆகவில்லை. ஆகவே ஆசையாக இருந்தாலும் அதை உள்ளூர்ப் பெயராக வைக்காதீர்கள்.

கடையின் பெயரைத் தமிழிலேயே வைத்துக் கணினிக்குள் சோதிக்க வேண்டுமானால், முன்பாதியைத் தமிழில் வைத்து .டெஸ்ட் என்று முடிக்கலாம். ஆனால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் தமிழாக எழுதினால் வேலை செய்யாது. டிஎன்எஸ் உலகத்துக்குள் தமிழ் எழுத்து நுழைவதில்லை. பிரௌசர் அதைப் புனிகோடு முறையில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கொண்ட சரமாக மாற்றித்தான் கேட்கிறது. 2003-இல் தரப்படுத்தப்பட்ட முறை அது. அந்தச் சரம் எக்ஸ், என், பிறகு இரண்டு சிறுகோடுகள் என்று தொடங்கும். அதைத்தான் கோப்பில் எழுத வேண்டும். சிங்கப்பூர் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது சி, ங், க, ப், பூ, ர் என்று ஆறு எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகத் தரமான யூனிகோடுக்குப் புள்ளியும் இகர, ஊகாரக் குறிகளும் தனிக்குறிகள் என்பதால் 11. புனிகோடில் 22. ஒரு பெயர்ப் பகுதிக்கு 63 என்ற உச்சவரம்பு இருப்பதால் நீளமான கடைப்பெயர்களை வைக்கும் முன் எண்ணிப் பாருங்கள்.

உள்ளூரிலேயே சோதித்துப் பிடிக்க வேண்டிய ஒரு பிழை உண்டு. ஸ்ரீ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்கலாம்: ‘ஸ’வில் தொடங்கி ஒன்று, 2005-இல் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கி இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றேதான். புனிகோடில் இரண்டும் வேறு வேறு சரங்கள், அதாவது வேறு வேறு டொமைன் பெயர்கள். கோவில் முதல் நகைக்கடை வரை ஸ்ரீயில் தொடங்கும் பெயர்கள் நிறைந்த தேக்காவில் (லிட்டில் இந்தியா) இது கற்பனைச் சிக்கல் கிடையாது. ஒருவர் கைபேசியின் விசைப்பலகை ஒன்றைத் தரும், இன்னொருவர் கணினி மற்றதைத் தரும். இரண்டு சரங்களையும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதி, தளம் இரண்டுக்கும் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பெயரை வாங்க வேண்டும். ‘கொ’ போன்ற எழுத்துகளில் இந்தப் பயம் வேண்டாம். கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்திருந்தாலும் பெயரை மாற்றும் முன் அவை ஒன்றாக்கப்பட்டுவிடும்.

மிச்ச வேலைகள்

ஹோஸ்ட்ஸ் கோப்புக்குப் போர்ட் எண் தெரியாது. பெயரோடு போர்ட் எண்ணை அடிக்கப் பிடிக்கவில்லை என்றால் என்ஜின்எக்ஸ் அல்லது கேடி போன்ற இணைய சர்வர் நிரல் ஒன்றை 80, 443 போர்ட்களில் நிறுத்தி, வரும் பெயரைப் பார்த்து உரிய திட்டத்துக்கு அனுப்பச் சொல்லலாம். இந்தக் கோப்புக்கு நட்சத்திரக் குறியும் தெரியாது. மன்றம்.டெஸ்ட்டின் கீழ் எத்தனை துணைப்பெயர் வந்தாலும் என்று ஒரே வரியில் சொல்ல முடியாது, ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். நான்கு மொழிக்கு நான்கு வரி, பரவாயில்லை. வாடிக்கையாளருக்கு ஒரு துணைப்பெயர் என்று வளரும் தளங்களுக்கு டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய சர்வரைக் கணினியிலேயே ஓடவிட்டு, .டெஸ்ட் என்று முடியும் அனைத்துக்கும் 127.0.0.1 என்று பதில் சொல்லச் செய்யலாம். மேக்கில் ரிசால்வர் என்ற அடைவில் ஒரு சிறு கோப்பு வைத்தால் .டெஸ்ட் கேள்விகள் மட்டும் அங்கே போகும். பிரௌசரில் பாதுகாப்பான டிஎன்எஸ் வசதி (கேள்விகளைக் குறியாக்கி நேராக வெளியே அனுப்புவது) இயங்கினால் அது இந்த உள்ளூர்ச் சர்வரைத் தாண்டிப் போய்விடக்கூடும், கவனம்.

இவ்வளவு ஏற்பாடும் வேண்டாம் என்பவர்களுக்கு .லோக்கல்ஹோஸ்ட். மன்றம்.லோக்கல்ஹோஸ்ட் என்று குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அடித்துப் பாருங்கள், எந்தக் கோப்பையும் தொடாமலே 127.0.0.1-க்குப் போகும். இன்னொரு சலுகையும் உண்டு. கேமரா, இருப்பிடம், சர்வீஸ் வொர்க்கர் (பக்கத்தின் பின்னணியில் ஓடும் நிரல்) போன்றவற்றைப் பிரௌசர் பாதுகாப்பான பக்கங்களுக்கே தரும். லோக்கல்ஹோஸ்ட்டுக்கு எச்டிடிபிஎஸ் இல்லாவிட்டாலும் தரும், .டெஸ்ட்டுக்குத் தராது. தனி ஆளாக வேலை செய்பவர் இங்கிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து. இணையத்தளம் எழுத உதவும் ஜாங்கோகூட, அனுமதிப் பட்டியல் காலியாக இருந்தால், டீபக் (பிழைதேடும்) நிலையில் .லோக்கல்ஹோஸ்ட் பெயர்களைத் தானாக ஏற்கும். மற்றவற்றை அனுமதிப் பட்டியலில் சேர்க்காவிட்டால் 400 பிழை காட்டும்.

.டெஸ்ட்டுக்கு எச்டிடிபிஎஸ் வேண்டுமானால் தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் தேவை, அதை எந்தப் பொதுச் சான்றிதழ் நிறுவனமும் தராது. யாருக்கும் சொந்தமில்லாத பெயருக்கு யார் பெயரில் தருவது? ஃபிலிப்போ வல்சோர்டா எழுதிய எம்கே-செர்ட் என்ற கருவி இதற்கு வழிசெய்கிறது. உங்கள் கணினி மட்டும் நம்பும் ஒரு சான்றிதழ் அதிகாரியை உருவாக்கி, அதன் கையெழுத்தில் சான்றிதழ் கொடுக்கும். அந்த அதிகாரியின் ரகசியத் திறவுகோல் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள், நிரல் களஞ்சியத்தில் ஏற்றாதீர்கள். அது யார் கையில் இருக்கிறதோ அவர் எந்த வங்கியின் பெயரிலும் சான்றிதழ் உண்டாக்கலாம், உங்கள் கணினி அப்படியே நம்பும்.

குழுவாக வேலை செய்தால் நான் வேறு வழியைச் சொல்வேன். உங்களுக்குச் சொந்தமான உண்மையான டொமைனில் ஒரு துணைப்பெயரை எடுத்து, பொது டிஎன்எஸ்ஸிலேயே அதற்கு 127.0.0.1 என்று பதிவு செய்துவிடலாம். ஒருவர் கணினியிலும் கை வைக்க வேண்டாம். பொதுச் சான்றிதழும் கிடைக்கும். சில ரௌட்டர்கள் உள்ளூர் எண்ணைப் பதிலாகத் தரும் பெயர்களைச் சந்தேகப்பட்டுத் தடுக்கும் என்பது ஒரு குறை.

நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்து ஓட்டும் டாக்கரில், பெட்டிக்குள் ஓடும் நிரலுக்கு 127.0.0.1 என்பது அந்தப் பெட்டியே என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளியே பிரௌசரில் திறக்கும் பெயர் உள்ளே திறக்காமல் போனால் முதலில் அங்கே பாருங்கள். கைபேசியில் சோதிக்கும்போதும் இதே கதைதான்: கைபேசிக்கு 127.0.0.1 கைபேசியே. அங்கே மடிக்கணினியின் வைஃபை எண்ணைத்தான் கொடுக்க வேண்டும்.

துணிக்கடை விஷயம் அன்று இரவே சரியானது. டிஎன்எஸ் எண்ணைத் திருத்தினேன். ஹோஸ்ட்ஸ் கோப்பில் இருந்த வரியை அழித்தேன், பழைய நினைவை மறக்கக் கணினியின் டிஎன்எஸ் கேஷையும் காலி செய்தேன். அண்ணனிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "சரி தம்பி, இனிமே உன் போன்ல டேட்டா போட்டுப் பார்த்துட்டுச் சொல்லு" என்றார். அதிலிருந்து அப்படியே செய்கிறேன். ஹோஸ்ட்ஸ் கோப்பில் உண்மையான டொமைன் ஒன்றை எழுத நேர்ந்தால், அதற்கு மேலே ஹாஷ் குறி போட்டு அன்றைய தேதியையும் அதை எப்போது அழிக்க வேண்டும் என்பதையும் எழுதுகிறேன்.